திருப்பி வைத்த சதுரம்

சதுரத்தைத் திருப்பிப் போட்டாலும் அது சதுரம்தான். இதைச் சொன்னதற்காக எனக்கு மெமோ கொடுத்தார்கள். லேட்டாக வந்ததற்கு வாங்கியிருக்கிறேன், பிள்ளைகளைச் சத்தம் போட விட்டதற்கு வாங்கியிருக்கிறேன். சதுரத்துக்காக வாங்கியது இதுதான் முதல் தடவை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

என் பெயர் தமிழ்மணி. விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் கோதண்டபாணி சார். பக்கத்திலேயே அவருக்கு டைல்ஸ் கடை இருக்கிறது. காலையில் கடையைத் திறந்துவிட்டுப் பள்ளிக்கு வருவார், மதியம் பள்ளியை விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழை கொட்டுகிற நாளில் கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேரும்வரை தன் காரிலேயே கொண்டுபோய் விடுகிறவர். ஆனால் அச்சில் ஒன்று வந்துவிட்டது என்றால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

என் வகுப்புச் சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. வட்டம், சதுரம், முக்கோணம், செவ்வகம், முட்டை, கடைசியில் டைமண்டு. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கும். தினமும் குச்சியால் தொட்டுக் காட்ட வேண்டும், பிள்ளைகள் இங்கிலீஷில் பெயர் சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் வடிவம் கற்பித்தல்.

ஒரு நாள் அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி, கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்து, "இது என்ன?" என்று கேட்டேன். வகுப்பே முழித்தது. கோகுலகிருஷ்ணன் என்ற பையன் மட்டும் எழுந்து, "முக்கோணம் வுழுந்துடுச்சி மிஸ்" என்றான். மற்ற பிள்ளைகள் பாவப்பட்டு, "ஐயையோ" என்றன.

சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை, அந்தச் சார்ட் மேல். இத்தனை மாதமாக இவர்கள் முக்கோணத்தைக் கற்றுக்கொள்ளவில்லை, அது நிற்கிற நிலையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பெற்ற அம்மா படுத்திருந்தால் ஆள் தெரியாமல் போகுமா? கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றியது. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

விருத்தாசலம் பீங்கான் சாமானுக்குப் பேர் போன ஊர். இங்கே செராமிக் எஸ்டேட்டில் சாமிதுரை என்பவர் ஃப்யூஸ் கேரியரும் கொலு பொம்மையும் செய்கிற யூனிட் வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டு மண் வாங்கி வந்து, சப்பாத்தி போலத் தேய்த்து, ஸ்கேலை வைத்துக் கத்தியால் வடிவங்களை வெட்டினேன். வகுப்பு ஜன்னலோரம் பலகையில் காயப் போட்டேன். காய்ந்ததும் பார்த்தால் சதுரமெல்லாம் அப்பளம் மாதிரி மூலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சாமிதுரை பார்த்துவிட்டுச் சிரித்தார். "திருப்பிப் போட்டீங்களா டீச்சர்?"

"எதுக்குத் திருப்பணும்?"

"ஒரே பக்கமா காயவுட்டா மேல இழுத்துக்கும். காத்து ஒரே மூலைலயே அடிச்சாலும் அந்த மூலை தூக்கும். அப்பப்ப பொரட்டணும், சுத்தி வைக்கணும். திருப்பினா ஒண்ணும் கெடாது. திருப்பாம வுட்டாத்தான் கெடும்."

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான், அதுகூடத் தெரியவில்லை. சரி, மறுபடி வெட்டினேன். இந்தத் தடவை திருப்புகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டேன். மணி அடிக்கிற போதெல்லாம் ஒரு பிள்ளை போய் வில்லைகளைப் புரட்டி, சுற்றி வைத்துவிட்டு வரும். ஒன்று நேராக இருக்கும், ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்று தலைகீழாக இருக்கும். "இது என்ன?" என்று கேட்பேன். இரண்டாம் நாளே எவரும் ஏமாறவில்லை.

அந்த வேலைக்கு ராணி என்றால் அது ஆன் மேரிதான். நாலு வயது. அதிகம் பேசாது, கேட்ட கேள்விக்கு உடனே பதில் வராது, ஆனால் பார்வை விலகாது. மற்றவர்கள் முறையிலும் போய் நின்று, "அத திருப்பல நீ" என்று கண்டுபிடிக்கும். அதன் அம்மா மதலேனா சாமிதுரை யூனிட்டில்தான் வேலை. சுடாத சாமான்களின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை.

சாமிதுரையின் சூளையில் சுட்டு வில்லைகள் வெள்ளையாக, கல்லாக வந்தன. சூட்டில் கொஞ்சம் சுருங்கியிருந்தன. ஆன் மேரி ஒரு சதுரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சின்னதாயிடுச்சி மிஸ். ஆனா அதேதான்" என்றது. அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த வாரமே கோதண்டபாணி சார் ரவுண்ட்ஸ் வந்தார். குச்சியை வாங்கி சார்ட்டில் வைத்தார். வட்டம், சதுரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. டைமண்டில் குச்சியை வைத்து, "வாட் இஸ் திஸ்?" என்றார்.

"ஸ்கொயர்" என்றது மொத்த வகுப்பும்.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடி "ஸ்கொயர்." முன்வரிசையில் இருந்த ஆன் மேரியை எழுப்பி, "நீ சொல்லும்மா, டை... டை..." என்று எடுத்துக் கொடுத்தார். அது அவர் வாயையே பார்த்துவிட்டு, "ஸ்கொயரு" என்றது.

ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். நான் சார்ட்டையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டே போனேன்.

"அளந்து பாருங்க சார். நாலு பக்கமும் ஒண்ணு. நாலு மூலையும் நேர் மூலை. பக்கத்துல இருக்கிற சதுரமும் இதே அளவு. ஒண்ண எடுத்து ஒண்ணு மேல வச்சா அப்படியே ஒக்காரும். நசுங்கின மாதிரி சாஞ்ச வடிவமா இருந்தா, அது வேற, அதுக்கு வேற பேரு சொல்லித் தரலாம். இது சதுரம்."

"புக்குல டைமண்டுன்னு போட்டிருக்குதும்மா."

"புக்குல தப்பா போட்டிருக்குது சார்."

"ஊரே அப்பிடித்தான் சொல்லுது. நீங்க ஒருத்தர்தான் அறிவாளியா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒங்க கடையில தரைக்குச் சாய்ச்சு ஒட்டறாங்களே சார் டைல்ஸு, அது வேற பெட்டியிலயா வருது?"

அவர் முகம் மாறியது. "அதுக்குப் பேரு டைமண்டு பேட்டர்னு" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. மறுநாள் மெமோ வந்தது. பாடப் புத்தகத்துக்கு மாறாகக் கற்பித்தது குற்றம். அனுமதியில்லாமல் கொண்டுவந்த மண் வில்லைகளை உடனே அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

பூட்டினேன், காலி அலமாரியை. வில்லைகளை அதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஆன் மேரி சதுரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது.

இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. வருஷக் கடைசி ஓரல் டெஸ்ட்டைத் தானே வைப்பதாகச் சார் அறிவித்தார். பெற்றோர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறு வடிவத்துக்கும் பெயர் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலேயே இருக்க வேண்டும். கார்டில் 'ஸ்லோ லேர்னர்' என்று எழுதப்படும். வாட்ஸப் குரூப்பில் டைமண்டு படம் வந்து விழுந்தது, கீழே கொட்டை எழுத்தில் பெயரோடு.

மற்ற அம்மாக்கள் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் டைமண்டு, டைமண்டு. ஒரு பிள்ளையிடம் மட்டும் அது பலிக்கவில்லை.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் மதலேனா பள்ளி கேட் அருகே நின்றாள். ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருக்கிறாள், வளையலில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

"மிஸ்ஸு, அது சொல்ல மாட்டேங்குது. அடிச்சிக்கூட பாத்துட்டேன். மிஸ் சொன்னாத்தான்னு நிக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க."

"அடிக்காதீங்க மதலேனா. அது சொல்றது சரி."

"சரியா இருக்கட்டும் மிஸ்ஸு. சரின்னா யாரு ஏத்துக்குறாங்க? நான் ஒம்பதாவதுல நின்னவ. ஒனக்கு மண்டையில ஏறாதுன்னு சொல்லி ஒக்கார வச்சாங்க. நானும் எனக்கு ஏறாதுன்னே நம்பிட்டேன். இது நாலு வயசு புள்ள மிஸ்ஸு. இப்பவே ஸ்லோன்னு எழுதிட்டா, அது காலத்துக்கும் அத நம்பிக்கும். ஒங்களுக்கும் சாருக்கும் ஆயிரம் இருக்கலாம். எம் பொண்ண நடுவுல நிறுத்தாதீங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் ராஜ்மோகனிடம் சொன்னேன். அவர், "சீட்டுக்கட்டுல இருக்கிறத டைமன்னுதானே சொல்றோம், நாளைக்கி ஒரு நாளு சொல்லிட்டுப் போவட்டுமே. நீ அப்புறமா எப்பிடி வேணா சொல்லிக் குடு" என்றார். நியாயமான மனிதர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், நான் மட்டும் எதிரே நிற்கிறேன். என் ரோஷத்தை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேனோ என்று நினைத்துச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். தோற்றுப் போவது என்று முடிவு செய்தேன். வேறு வழி தெரியவில்லை.

காலையில் ஆன் மேரியைக் குழாயடிப் பக்கம் கூட்டிப்போய்க் குந்தி உட்கார்ந்தேன்.

"ஆன் மேரி, இன்னிக்கிப் பெரிய சார் கடைசிப் படத்தக் காட்டுவாரில்ல, அத டைமண்டுன்னு சொல்லிடு."

"நீங்க ஸ்கொயருன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இப்ப மாறிடுச்சா?"

"மாறல. பெரிய சார்கிட்ட மட்டும் டைமண்டுன்னு சொல்லணும்."

அது யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் கையை விட்டு எதையோ தடவிக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவான குரலில் கேட்டது. "பெரிய சாருக்குத் தெரியாதா மிஸ்?"

நான் பார்வையைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நான் சொல்லித் தரட்டா?" என்றது.

எனக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. இந்த ஊரில் சதுரத்தைச் சதுரம் என்று சொல்ல ஒரே ஓர் ஆள் மிச்சம் இருக்கிறது, அந்த ஆளையும் நான் உட்கார வைக்கப் பார்த்தேன். எழுந்து அதன் முன்முடியை ஒதுக்கிவிட்டேன். "ஒனக்கு எது தெரியுதோ அதச் சொல்லு. மிஸ் ஒன் பக்கத்துலயே நிப்பேன்" என்றேன்.

ஹாலில் பெற்றோர் நாற்காலிகளில் இருந்தார்கள். சார் மேஜைக்குப் பின்னால், பக்கத்தில் ஸ்டாண்டில் சார்ட். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒப்பித்துவிட்டுப் போனார்கள். டைமண்டு வரும்போதெல்லாம் சார் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றேன்.

ஆன் மேரி வந்தது. ஐந்து வடிவத்துக்குக் கணீரென்று பதில் சொன்னது. ஆறாவதில் குச்சி நின்றது.

"ஸ்கொயரு."

"நல்லா பாத்துச் சொல்லும்மா."

ஆன் மேரி பாக்கெட்டிலிருந்து வெள்ளை வில்லையை எடுத்து, எம்பி, மேஜைமேல் வைத்தது. "இது என்னா சார்?"

அம்மாக்கள் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்தது. குழந்தைதானே என்று குனிந்து, "ஸ்கொயர்" என்றார்.

ஆன் மேரி ஒரு விரலால் வில்லையைத் திருப்பி, கூர்மூலை அவர் பக்கம் வரும்படி வைத்தது. "இப்ப?"

"இப்ப டைமண்டு."

பழையபடி திருப்பியது. "இப்ப?"

"ஸ்கொயர்."

பிறகு அது ரொம்ப மெதுவாக, வில்லையைக் கொஞ்சமே கொஞ்சம் நகர்த்தியது. "இப்ப?" சார் வில்லைமேல் இன்னும் குனிந்தார். இன்னும் கொஞ்சம் நகர்த்தியது. "இப்ப?" இன்னும் கொஞ்சம். ஹாலில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மூலை முழுதாகத் திரும்பி நின்றதும் ஆன் மேரி நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டது.

"எப்ப சார் மாறுச்சி?"

குறும்புக்குக் கேட்கவில்லை. அதற்கு உண்மையாகவே தெரிந்தாக வேண்டும். சார் வில்லையைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஆன்சர் சொல்லல" என்று கார்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

நான் முன்னால் போனேன். "நான் சொல்லிக் குடுத்ததத்தான் சார் சொல்லுது. தப்புன்னா எனக்குப் போடுங்க."

"ஒங்களுக்குத்தான் ஏற்கெனவே மெமோ போட்டாச்சேம்மா."

"இன்னொண்ணு போடுங்க. புள்ளைக்குப் போடாதீங்க."

அப்போது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. மதலேனா எழுந்து வந்தாள். என்னைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜை முன்னால் வந்து, மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சார், அது கேட்டதுக்குப் பதிலு சொல்லுங்க."

"என்னம்மா?"

"எப்ப மாறுச்சின்னு கேட்டுது இல்ல."

"புக்குல இருக்கிறபடிதான் ஸ்கூல்ல சொல்லணும்மா. நாளைக்கிப் பெரிய கிளாஸ்ல..."

"சரிங்க சார். நீங்க பெயில் போடணும்னா போடுங்க. இன்னும் ஒரு வருஷம் ஒக்காரட்டும், எம் பொண்ணு நான் பாத்துக்குறேன். ஆனா அந்தக் கார்டுல ஸ்லோன்னு எழுதாதீங்க. என்னா காரணமோ அத எழுதுங்க. சதுரத்தச் சதுரம்னு சொல்லிச்சி, அதனால நிறுத்தி வச்சிருக்கோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வாங்கிக்குறேன்."

மதலேனா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. அவளே தன்னை இப்படிப் பார்த்திருக்க மாட்டாள். முந்தின நாள் என் முன்னால் கும்பிட்ட கை இப்போது கார்டுக்காக நீண்டிருந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

சார் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அந்த வாக்கியத்தை எந்த மனிதனாலும் எழுத முடியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று. அவருக்கு எழுதாமலே தெரிந்துவிட்டது போலிருந்தது. தலையைத் தூக்காமல் 'ப்ரமோட்டட்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கார்டை நீட்டினார். மதலேனா அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் நகர்ந்தாள். ஆன் மேரி வில்லையை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை என்ற குறை முகத்தில் இருந்தது.

"நெக்ஸ்ட்" என்றார் சார். குரல் இறங்கியிருந்தது.

கோகுலகிருஷ்ணன் வந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் விபூதி. ஒரு வாரமாக அவனுக்கு வீட்டில் டைமண்டுதான் சாப்பாடு என்று எல்லோருக்கும் தெரியும். குச்சி வட்டத்தைத் தொட்டது, சதுரத்தைத் தொட்டது, முக்கோணம், செவ்வகம், முட்டை. அங்கேயே நின்றது. சார் குச்சியைக் கீழே வைத்தார்.

"குட். போலாம்பா."

பையன் போகவில்லை. சார்ட்டைக் கையால் காட்டினான். "சார், இத வுட்டுட்டீங்க."

"அது வேணாம்பா."

"எனக்குத் தெரியும் சார்."

முன்வரிசையில் அவன் அம்மா வாயை அகலமாகத் திறந்து, சத்தமில்லாமல் டை, டை என்று காட்டினாள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. தலையைத் தோள்மேல் சாய்த்து அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஸ்கொயரு சார்" என்றான். "வுழல சார். திருப்பி வச்சிருக்குது."